அரை கிராம் குறை

போன வருஷம் என் மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன், தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, கிழக்குப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். அதுவரைக்கும் மரியாதைக்குக் குறைவில்லை. வாங்கியவன் முகூர்த்த நேரத்தைப் பார்த்திருக்கலாம், மாப்பிள்ளை பெயரையாவது பார்த்திருக்கலாம். நான் அட்டையின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, காதருகே கொண்டுபோய் ஒரு சுண்டு சுண்டி, "முந்நூறு ஜிஎஸ்எம்னு சொல்லி வித்திருப்பான். இருநூத்தி நாப்பதுக்கு மேல இருக்காது. நல்லா ஏமாத்திட்டான்" என்றேன்.

அச்சடித்துக் கொடுத்தது சம்பந்தியாம். சம்பந்தியும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் கல்யாணத்தில் எங்களுக்குக் கடைசிப் பந்தியில் இடம் கிடைத்தது. பாயசம் கிடைக்கவில்லை. "நீங்க ரிடையர் ஆனது ஆபீசுக்கு மட்டுந்தானா?" என்று வீடு வரும்வரை மனைவி கேட்டுக்கொண்டே வந்தாள். நியாயமான கேள்வி. விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷமாகியும் என் விரல்கள் இன்னும் விருப்பப்படவில்லை.

நான் வேலை பார்த்தது திருமங்கலம் சாலையில், திருநகரைத் தாண்டி இருந்த ஓர் அச்சகத்தில். கல்லூரிகளுக்கு விடைத்தாள், பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகம். அங்கே தாள் கிடங்கில் பரிசோதகன். போன மாதம் அங்கிருந்து இப்போதைய பொறுப்பாளர் போன் செய்தார். எடை பார்ப்பதற்குத் தனி அறை கட்டி ஏசி போட்டிருக்கிறார்களாம். வெளியில் என்ன வெயிலடித்தாலும், மழை பெய்தாலும் உள்ளே ஒரே பதமாம். "அண்ணே, இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி எடை பாத்தீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வந்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றார். எப்படிப் பார்த்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் வந்தது.

முதலில் எடை என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் உள்ள தாள் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் ஜிஎஸ்எம். செய்தித்தாள் ஐம்பதுக்குக் கீழே. ஜெராக்ஸ் தாள் எழுபது, எண்பது. எங்கள் விடைத்தாள் அறுபது. அதற்குக் கீழே போனால் மை பின்பக்கம் ஊறும், பிள்ளை எழுதியதைத் திருத்துகிறவரால் படிக்க முடியாது. அம்மாம் பெரிய தாளைத் தராசில் ஏற்ற முடியாதென்பதால், பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டுவோம். அந்தப் பெரிய தாளில் நூறில் ஒரு பங்கு. தராசு, கால்வட்டமாக வளைந்த ஒரு பித்தளைத் தகடு. ஒரு முள், ஒரு கொக்கி. துண்டைக் கொக்கியில் மாட்டினால் முள் ஏறிப்போய் நேராக ஜிஎஸ்எம் எண்ணில் நிற்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வாசித்துவிடும். என்னைக் கெடுத்தது அந்தச் சுலபம்தான்.

நான் தமிழில் எம்.ஏ. வாத்தியார் வேலைக்கு மூன்று வருஷம் காத்திருந்து, தூரத்து உறவினர் ஒருவரின் சிபாரிசில் இங்கே வந்தேன். தாளில் எழுதியிருப்பதைப் படித்தவனுக்கு வெறும் தாளை நிறுக்கிற வேலை. முதல் மூன்று வருஷம் கட்டுகளை எண்ணினேன், அடுத்த இரண்டு வருஷம் எண்ணியவர்களை எண்ணினேன். அதன்பிறகுதான் தராசுப் பக்கம் விட்டார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

எனக்கு மேலே ஞானமுத்து சார். பசுமலைப் பக்கத்துக்காரர். அப்பா, அம்மா, அக்கா எல்லாருமே பள்ளி ஆசிரியர்கள். இவர் ஒருவர்தான் தப்பி வந்தவர் என்று அவரே சொல்வார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சப்ளையர் யாராவது கத்தினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிராளிக்குத் தொண்டை வற்றிவிடும். என்னை "புலவரே" என்று கூப்பிடுவார். அதில் எத்தனை பங்கு பாசம், எத்தனை பங்கு நக்கல் என்பதை நிறுக்கத் தராசு கிடையாது.

லாரி வந்தால் மனிதர் தானே இறங்கிப் போவார். சப்ளையரின் ஆள் எடுத்துக் கொடுக்கிற கட்டைத் தொடமாட்டார். மேலிருந்து மூன்றாவது, கீழிருந்து ஏழாவது, நட்டநடுவில் ஒன்று, கடைசியாக லோடுமேன் எதன்மேல் உட்கார்ந்து பீடி குடிக்கிறாரோ அந்தக் கட்டு. ஒவ்வொன்றிலும் முதல் பத்துத் தாளைத் தள்ளிவிட்டு அடுத்ததை உருவுவார். பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு அறைக்கு வருவார். அறையில், ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு நைலான் கொடி. துணி கவ்வும் கிளிப்புகளை மாட்டித் தாள்களை வரிசையாகத் தொங்கவிடுவார். கொடியின் கடைசியில், ஓரம் பழுத்துப்போன ஒரு பழைய தாள் எப்போதும் தொங்கும். எந்த லாரி வந்தாலும் அதுவும் உண்டு.

அன்றைக்கே ஒருமுறை நிறுத்துப் பென்சிலால் எழுதுவார். மறுநாள் பதினோரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி நிறுப்பார். முதலில் அந்தப் பழைய தாளின் துண்டு, பிறகு வந்தவை. ஏதோ கூட்டிக் கழித்து, பென்சிலை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதுவார். ஒரு லாரிக்கு ஒன்றரை நாள்.

"எதுக்கு சார் தொங்கவிடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊர்லேர்ந்து வந்தவங்கள வந்ததும் வராததுமா விசாரிக்கக் கூடாதுல்ல புலவரே. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

நான் சிரித்தேன். அது நகைச்சுவை என்று நினைத்துவிட்டேன். நகைச்சுவையைக் கண்டால் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை என்பது என் வழக்கம். எட்டு வருஷம் அந்தக் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்தேன். எங்கள் பிரிவில் அதற்கு நான் வைத்த பெயர் "சாரோட சலவை".

இதற்கு நடுவில் எனக்கும் கொஞ்சம் பெயர் வந்துவிட்டது. ஒரு சப்ளையர் கட்டுக்கு வெளியே அறுபதும் உள்ளே ஐம்பத்துநாலும் வைத்து அனுப்பியதை நான்தான் கண்டுபிடித்தேன். தராசுகூட இல்லாமல், சுண்டிப் பார்த்துச் சொன்னேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். அன்றிலிருந்து எந்தத் தாளைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு திருடன் மடங்கிப் படுத்திருப்பதாகத் தோன்றத் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனியில் ஞானமுத்து சார் ஓய்வு பெற்றார். நான் பொறுப்புக்கு வந்தேன். வந்த முதல் வாரமே சீர்திருத்தம். கொடியை அவிழ்த்தேன். கிளிப்புகள் என் வீட்டு மொட்டைமாடிக்குப் போயின. அந்தப் பழைய தாளை மேசையில் விரித்து அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்தேன். எலுமிச்சை சாதம். மூன்றாம் நாள் எண்ணெய் ஊறியதும் குப்பைக்குப் போட்டேன். லாரி வந்த அன்றைக்கே அறிக்கை என்று அறிவித்தேன். "ஒன்றரை நாள் வேலைய அரை நாள்ல முடிக்கிறாரு பாரு" என்று மேனேஜர் மற்ற பிரிவுகளுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

சித்திரை முடிந்து அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது துளசிராமின் லாரி வந்தது.

துளசிராம் தெற்குமாசி வீதிக்குப் பின்னால் சின்னதாகத் தாள் கடை வைத்திருந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அப்பா காலம்வரை தறி. இவர்தான் அந்தக் குடும்பத்தில் முதலில் கடை என்று உட்கார்ந்தவர். ஐந்தாறு வருஷமாக எங்களுக்குச் சில்லறையாகத் தாள் கொடுத்து வந்தவருக்கு முதல்முறையாக ஒரு முழு லாரி ஆர்டர் கிடைத்திருந்தது. விடைத்தாளுக்கு, அறுபது ஜிஎஸ்எம். தாள் மில்லின் மதுரை ஏஜென்சியில் வேலை பார்த்தது அவருடைய மச்சினன் கோவிந்தராம். மனைவி சரோஜாவின் கூடப்பிறந்த தம்பி. அவர்தான் குடோனில் நின்று, எடை பார்த்து, இந்தச் சரக்கை எடுத்துக் கொடுத்திருந்தார்.

காலை பத்து மணிக்கு மாதிரி உருவினேன். அதில் நான் குறை வைக்கவில்லை. மூன்றாவது, ஏழாவது, லோடுமேனின் பீடிக் கட்டு எல்லாம் சார் எடுத்தபடியேதான். துண்டு பத்து வெட்டி மேசையில் பரப்பினேன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அனல் தாங்காமல் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். இரண்டரை மணிக்கு வந்து நிறுத்தேன். ஐம்பத்தெட்டு. அடுத்தது ஐம்பத்தெட்டுக்கு ஒரு முடி மேலே. அடுத்தது ஒரு முடி கீழே. பத்துக்கும் சராசரி ஐம்பத்தெட்டு.

அறுபது என்று கேட்டால் ஐம்பத்தெட்டரை வரை வாங்கலாம் என்பது விதி. அரை கிராம் குறை.

துளசிராமைக் கூப்பிட்டுத் தராசைக் காட்டினேன். குனிந்து முள்ளைப் பார்த்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை.

"சார், இன்னொரு வாட்டி பாருங்க."

"பத்து வாட்டி பாத்தாச்சு."

"அவன் தப்பு பண்ண மாட்டான் சார். எங்கிட்ட ஒரு சீட்டே எழுதிக் குடுத்திருக்கான், அறுபதுன்னு. நேத்து குடோன்ல எம் முன்னாடிதான் எடை போட்டான்."

"உங்க முன்னாடி எந்தக் கட்டப் போட்டாரோ, லாரியில எந்தக் கட்டு ஏறுச்சோ."

இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நான் கொஞ்சம் சிரித்தேன் என்பது நினைவிருக்கிறது. உள்ளே ஐம்பத்துநாலு வைத்தவனைப் பிடித்த அனுபவம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, ஒரே வீட்ல இருக்கோம்ணே. கீழ நாங்க, மேல அவன். ஒரே படிக்கட்டு. குறைன்னு நீங்க எழுதிட்டா அவன் என்னை ஏமாத்துனான்னு அர்த்தம். நான் வீட்டுக்குப் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனப் பாக்க? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஞானமுத்து சார் மாதிரித் தொங்கவிட்டுப் பாருங்களேன்."

"துணி காயப்போடுற எடமாய்யா இது?" என்றேன்.

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பேனாவால் எழுதினேன். "எடை குறைவு. ஏற்க இயலாது." துளசிராம் தாளை வாங்கிப் படித்தார், மடித்தார், சட்டைப்பையில் வைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். நான்தான் ஆளத் தெரியாம இருந்துட்டேன்."

என்னைச் சொல்கிறார் என்று நினைத்து, நான் கொஞ்சம் கோபப்பட்டேன். அவர் சொன்னது மச்சினனை.

விதிப்படி அந்தப் பத்துத் துண்டுகளையும் குண்டூசி குத்தி, உறையில் போட்டு, அரக்கு வைத்து அலமாரியில் வைத்தேன். ஏற்றாலும் நிராகரித்தாலும் சரக்கின் மாதிரி ஒரு வருஷம் இருக்க வேண்டும். அடுத்த மாதம் சப்ளையர் பட்டியலிலிருந்து துளசிராமின் பெயரை அடித்தார்கள். அதற்கப்புறம் செய்திகள் லோடுமேன்கள் வழியாக வந்தன. மச்சினனைத் தெருவில் வைத்து "நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டான்" என்று துளசிராம் கத்தினாராம். "எங்கையால எடுத்துக் குடுத்த சரக்கு, கொண்டாங்க, எம் முன்னால நிறுங்க" என்று கோவிந்தராம் கத்தினாராம். எங்கள் அறிக்கையைக் காட்டியதும் மாடிக்கு ஏறிப் போய்விட்டாராம். ஏஜென்சியில் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் படிக்கட்டுக்கு நடுவே தகரம் வைத்து மறைத்து, மேல் வீட்டுக்குச் சந்துப் பக்கமாகத் தனியாக இரும்புப் படி போட்டார்களாம். சரோஜா தம்பியோடு பேசக்கூடாது என்று உத்தரவாம். நான் கேட்டுக்கொண்டேன். தப்பு செய்தவன் வீட்டில் நடக்கவேண்டியது நடக்கிறது என்ற ஒரு சமாதானம் மனசில் இருந்தது. மறைப்பானேன், கொஞ்சம் பெருமையும் இருந்தது.

புரட்டாசியில் கோவிந்தராம் இறந்துபோனார். நாற்பத்தோரு வயது. நெஞ்சுவலி. நான் போகவில்லை. "போனா நல்லாருக்காது" என்று மனைவியிடம் சொன்னேன். அந்த வருஷம் நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சரி.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தபோது வேறு ஒரு சப்ளையரின் லாரி வந்தது. அறுபது கேட்டிருந்தோம். நிறுத்தால் அறுபத்திரண்டு. கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிற சப்ளையரை நான் அந்த வேலையில் பார்த்ததே இல்லை. தராசு கெட்டுவிட்டதென்று, எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். தராசு சுத்தம். சந்தேகத்துக்காக அலமாரியில் இருந்த பழைய மாதிரிகளை எடுத்து நிறுத்தேன். வைகாசியில் ஐம்பத்தொன்பது என்று நான் எழுதிய தாள் இப்போது அறுபத்திரண்டு. ஐம்பத்தாறு என்று எழுதியது ஐம்பத்தொன்பது. அலமாரி மொத்தமும் கனத்திருந்தது.

அப்போதுதான் துளசிராமின் உறை நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்றா எழுதினேன்? முதல் தாளை நிறுத்தபோதே வந்துவிட்டது. அதைத் தொடாமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

அரக்கை உடைத்தேன். அதே பத்துத் துண்டு, அதே கொக்கி. அறுபத்தொன்றரை. அடுத்ததும் அறுபத்தொன்றரை. மூன்றாவதை மாட்டும்போது துண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மழையில் தாள் நமுத்துப்போகும், ஈரம் ஏறினால் எடை ஏறும் என்பது எல்லோரையும்போல எனக்கும் தெரியும். வெயிலும் தாளின் எடையைத் தின்னும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெயில் என்பது மதுரையில் ஒரு செய்தியா? அது சுவர் மாதிரி எப்போதும் இருப்பது. அக்னி நட்சத்திரத்து மத்தியானம், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, மின்விசிறியை ஐந்தில் வைத்து அந்தப் பத்துத் துண்டுகளையும் நாலு மணி நேரம் அப்பளம்போல் காயவைத்துவிட்டு, அதற்குக் குறை எழுதியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே ஞானமுத்து சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வுக்குப்பின் திருநகரில் இருந்தார். நனைந்துபோய் நின்றவனுக்குத் துண்டு கொடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மூக்குக்கண்ணாடியையும் துடைக்கவில்லை.

"கொடியில கடைசியா ஒரு பழைய தாள் தொங்குமே, அது எங்க?" என்று கேட்டார்.

"எலுமிச்சை சாதம் கொட்டிருச்சு சார்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "அதுதாங்க சாட்சி. மெட்ராஸ்ல ஒரு லேப்ல குடுத்து, சரியான பதத்துல நிறுத்து வாங்கினது. ரொம்பக் கரெக்டா அறுபது. இங்க வெயில்ல அது அம்பத்தெட்டரைன்னு காட்டுனா, அன்னைக்கி ஊரே ஒன்றரை குறைச்சுக் காட்டுதுன்னு அர்த்தம். வந்த தாளோட கணக்குல ஒன்றரையக் கூட்டிக்கிருவேன். மழையில அறுபத்திரண்டுன்னா ரெண்டக் கழிச்சிருவேன். வந்த தாளும் அதுவும் ஒரே காத்துல ஒரு ராத்திரி தொங்கணும். அம்புட்டுதான் விஷயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருக்கணும்." சாரல் அடித்த ஜன்னலைச் சாத்தினார். "நீங்க சலவைன்னு பேர் வச்சது எனக்கும் தெரியும் புலவரே. எதச் சொன்னாலும் நீங்க ஒரு ஜோக்கு அடிப்பீங்க, எல்லாரும் சிரிப்பாங்க. எட்டு வருசமா அதுக்குப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். எம்மேலயும் தப்புதான்."

மன்னித்துவிட்டார் என்றால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நான் அவருக்கு ஒரு லெட்டர் எழுதலாம்னு இருக்கேன் சார்."

"எழுதாதீங்க. நேர்ல போங்க" என்றார்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஃபைல மூடியாச்சுப்பா. மூடுன ஃபைல்ல ஈரம் ஏறாது. விட்ரு" என்றார். விடவில்லை என்று எழுதிக்கொள்ள ஆசைதான். ஆனால் எட்டு நாள் விட்டேன். ஒவ்வொரு நாளும் தெற்குமாசி வீதி வரை போய், ஒரு கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் அந்தக் கடைக்காரரே "யாரத் தேடுறீங்க?" என்று கேட்டுச் சந்துக்குள் கையைக் காட்டிவிட்டார்.

படிக்கட்டில் தகரம் இன்னும் இருந்தது. துளசிராம் வேட்டியோடு தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டியில் ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டு, ஒரு ஜவுளிக் கடைக்குப் பெட்டி மடித்துக் கொடுக்கிற வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க சார்" என்றார். அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

நான் ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். காற்றின் ஈரம், தாளின் ஈரம், சதவீதம். பாதியில் அவர் கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. சரக்கு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

"அவன் குடுத்தது அறுபதுதானா?"

"அறுபதுதாங்க."

அவர் தலையாட்டினார். திரும்பவும் தலையாட்டினார். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்து, "மேல இப்ப ஆள் இல்ல சார். அவன் சம்சாரமும் பிள்ளையும் பரமக்குடிக்குப் போயிட்டாங்க" என்றார். ஏதோ முகவரி கேட்டு வந்தவனுக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னார். மடித்த ஒரு பெட்டியை மூடி வைத்துவிட்டு, "மேலருந்து அவன எறக்குறப்ப நான் இந்தக் கதவச் சாத்திக்கிட்டேன் சார்" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சரோஜா வாசற்படியில் வந்து நின்றார். கணவரிடம் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார், அவர் பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. புரியாமல் போனதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம். பிறகு அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "எழுதிக் குடுங்க."

"என்னங்க?"

"எந்தம்பி மேல தப்பு இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. குறைன்னு எழுதுனீங்கள்ல. இதையும் எழுதுங்க."

எழுதத் தாள் இல்லை. என் பையில், மாதிரிக்கு உருவியதில் வெட்டாமல் மிஞ்சிய அந்தச் சரக்கின் முழுத் தாள் ஒன்று இருந்தது, காட்டுவதற்காக எடுத்துப் போயிருந்தேன். அதில் எழுதினேன். "மேற்படி சரக்கின் எடை ஒப்பந்தப்படி சரியானது." சரோஜா படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல அவன் பேரே இல்லையே" என்றார். கீழே இன்னொரு வரி எழுதினேன். "திரு. கோவிந்தராம் மீது எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது." எம்.ஏ. படித்தவன் எழுதியதிலேயே உருப்படியானவை அந்த இரண்டு வாக்கியங்கள்தான். மையும் பின்பக்கம் ஊறவில்லை. நல்ல தாள்.

அந்த வாரமே அறையில் கொடியைத் திரும்பக் கட்டினேன். லேபுக்கு அனுப்பிப் புதிய சாட்சித் தாள் வாங்கினேன். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு லாரிக்கு ஒன்றரை நாள்தான் எடுத்துக்கொண்டேன். மேனேஜர் என்னை உதாரணம் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். துளசிராமின் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்க்கச் சொல்லி மூன்றுமுறை எழுதினேன். மூன்றாவதுக்குச் சேர்த்தார்கள். அவர் வரவில்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததும் இல்லை.

ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் பெரியார் நிலையத்தில் திருநகர் பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஒரு பெண், கல்லூரி முடித்த வயதிருக்கும், எழுந்து "தாத்தா, நீங்க உக்காருங்க" என்றாள். எனக்கு அப்போது ஐம்பத்தைந்துதான். தாத்தா என்றது தராசு சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றினாலும் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சரோஜா.

"நல்லாருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேங்க. அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. இவ எந்தம்பி மக. பரமக்குடியிலேருந்து இங்க வேலைக்கு வந்திருக்கா. நம்ம மேல் வீட்லதான் இருக்கா."

எனக்கு எழுந்து நிற்கவேண்டும்போல் இருந்தது. கூட்டத்தில் முடியவில்லை. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "யாரு அத்தை?" என்று கேட்டாள்.

"பேப்பர் ஆபீஸ்ல எடை பாத்தவரு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடையாளம் வைத்துக்கொள்வதற்காகப் பார்த்தாள். பிறகு அத்தையிடம், நான் கேட்கக்கூடாதென்று இல்லாமல், சாதாரணமாகவே கேட்டாள்: "எங்கப்பாவத் திருடன்னு சொன்னது இவரா?"

"ச்சே, இவரு என்ன சொன்னாரு" என்றார் சரோஜா, டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகிக்கொண்டே. "சொன்னது தராசு. இவரு எழுதிக்கிட்டாரு. அம்புட்டுதான்."